அப்கிரேடு பண்ண முடியாத லேப்டாப்பை வாங்கலாமா? நாகர்கோவில் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் சேர்க்கை முடிகிற சமயத்தில் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லாரும் கேட்கிற கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். மெல்லிசாக, வெயிட் இல்லாமல் ஒரு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறோம், ஆனால் அதில் பின்னாடி ரேம் போட முடியாதாம், வாங்கலாமா வேண்டாமா? வாட்ஸ்அப்பில் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகத் தட்டுவதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

அப்கிரேடு பண்ண முடியாது என்றால் சரியாக எதை மாற்ற முடியாது?

ப்ராசஸரையும் கிராபிக்ஸ் சிப்பையும் இப்போது வருகிற எந்த லேப்டாப்பிலும் மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில் பேச்சே இல்லை. மிச்சம் இருப்பது ரேம் (ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி), எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் டிரைவ்), பேட்டரி, வைஃபை கார்டு. இதில் ரேமை மதர்போர்டிலேயே (எல்லாச் சிப்பும் உட்காரும் மெயின் பலகை) சோல்டர் பண்ணி, அதாவது பற்றவைத்து, அனுப்புவதுதான் இப்போது அதிகம், கடையில் ஆன்போர்டு ரேம் என்பார்கள். வைஃபையும் சிலதில் ஆன்போர்டு, ஆனால் அதற்கு யுஎஸ்பியில் ஒரு சின்ன டாங்கிள் செருகினால் சமாளித்துவிடலாம். எஸ்எஸ்டி பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் கழற்றி மாட்டும்படிதான் இன்னும் வருகிறது. மேக்புக்கிலும், இஎம்எம்சி என்கிற மலிவான சேமிப்புச் சிப் போட்ட, ரொம்ப விலை குறைந்த லேப்டாப்களிலும்தான் அதுவும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆக "அப்கிரேடு பண்ண முடியாது" என்று யாராவது சொன்னால், எது முடியாது என்று திருப்பிக் கேளுங்கள். ரேம் மட்டும்தான் என்றால் அது ஒரு கதை. ரேமும் எஸ்எஸ்டியும் என்றால் வேறு கதை.

கம்பெனிக்காரன் ஏன் இப்படிப் பண்ணுகிறான்? நம்மைப் புதுசு வாங்க வைக்கத்தானே?

அதுவும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மட்டும் இல்லை. சோல்டர் பண்ணுகிற ரேம் எல்பிடிடிஆர் என்கிற வகை, செல்போனில் இருப்பதும் அதே குடும்பம்தான். கரண்ட் குறைவாகத் தின்னும், ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே வைப்பதால் வேகமும் கூடும். கழற்றி மாட்டுகிற டிடிஆர்5 ரேம் சாதாரணமாக 5600 வேகத்தில் ஓடுகிறது என்றால் எல்பிடிடிஆர்5எக்ஸ் 7500, 8533 என்று போகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இந்த வேகம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் படம் வரைகிற வேலைக்கும் அதே ரேமைத்தான் எடுக்கிறது.

2024-ல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் மதர்போர்டில்கூட இல்லை, ப்ராசஸரின் கூட்டுக்குள்ளேயே 16 அல்லது 32 ஜிபி இருக்கிறது. அதைக் கழற்றுகிற ஆள் இனிமேல்தான் பிறக்கணும்.

எல்பிடிடிஆரையே கழற்றி மாட்டுகிற மாதிரி எல்பிகேம்2 என்று ஒரு புது வகையும் வந்திருக்கிறது. 2024-ல் லெனோவாவின் ஒரு விலை கூடிய திங்க்பேடில் போட்டார்கள். நம் பட்ஜெட் லேப்டாப்களுக்கு அது இறங்கி வரும் வரைக்கும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் "பின்னாடி ரேம் போட்டுக்கலாம் சார்" என்கிறார். நம்பலாமா?

அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை, பல சமயம் அவருக்கே தெரியாது. ஒரே பெயரில் பத்து வகை வரும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற எழுத்தும் எண்ணும் மாறினால் ஒன்றில் ரேம் செருகுகிற ஸ்லாட் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அதனால் பெயரை விட்டுவிட்டு முழு மாடல் நம்பரைக் கேளுங்கள், பெட்டியின் பக்கவாட்டில் ஸ்டிக்கரில் இருக்கும். போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், அன்றைக்கே வாங்கியாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

லெனோவாவுக்கு பிஎஸ்ரெஃப் என்று ஒரு தளம் உண்டு, மாடல் நம்பர் போட்டால் எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு ரேம், எந்த நீள எஸ்எஸ்டி என்று ஒளிக்காமல் போட்டிருப்பார்கள். எல்லா கம்பெனியும் இப்படிச் செய்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. எச்பி, டெல் என்றால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பாருங்கள், ரேமைக் கழற்றுகிற பக்கம் அதில் இருந்தால் ஸ்லாட் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. விளம்பரப் பக்கத்தில் எல்பிடிடிஆர் என்று ஆரம்பித்தால் (மேலே சொன்ன எல்பிகேம்2 தவிர) அதோடு தேடுவதை நிறுத்திவிடலாம், சோல்டர்தான்.

கடையில் டெமோ பீஸ் ஓடிக்கொண்டிருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் எஸ்ஓடிஐஎம்எம் என்று இருந்தால் கழற்றலாம், ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் ஆன்போர்டு. ஸ்லாட்ஸ் யூஸ்டு என்கிற வரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சோல்டர் பண்ணின சிப்புகளையே அது ஸ்லாட் என்று எண்ணி 4-க்கு 4, 8-க்கு 8 என்றெல்லாம் காட்டும், "அடேயப்பா எட்டு ஸ்லாட்டா" என்று ஒருத்தர் சந்தோஷப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, நேராகச் சொல்லுங்கள். ரேம் மாற்ற முடியாததை வாங்கலாமா கூடாதா?

வாங்குகிற அன்றைக்கே அதில் இருக்கிற ரேம், நீங்கள் அதைத் தூக்கிப்போடப் போகிற நாள்வரைக்கும் போதும் என்றால் வாங்கலாம். போதாது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். என் கணக்கு இவ்வளவுதான்.

"பின்னாடி மாற்றிக்கொள்ளலாம்" என்று ஸ்லாட் உள்ளதை வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசிவரை அதன் அடிமூடியைத் திறந்ததே இல்லை, அதையும் பார்க்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை லேப்டாப்பை மாற்றுகிற ஆளுக்கு இதெல்லாம் கவலையே இல்லை. ஆனால் நம் ஊரில் ஒரு லேப்டாப் ஒரு ஆளோடு முடிவதில்லையே. அண்ணன் நாலு வருஷம் இன்ஜினீயரிங் படித்து முடிப்பான், வேலை கிடைத்து பெங்களூர் போனதும் கம்பெனி ஒன்று கொடுக்கும், பழையது தங்கச்சிக்கு வரும், அவள் பிஎட் முடித்ததும் அம்மா சீட்டுக் கணக்கு பார்க்கவும் பக்திப் பாட்டு கேட்கவும் எடுத்துக்கொள்வாள். ஆக எட்டு வருஷம் சாதாரணம். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது வருஷத்தை அல்ல, அந்த எட்டாவது வருஷத்தை.

2011-ல் ஆரம்பித்த அரசு இலவச லேப்டாப்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனையோ, ரேமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ரொம்ப நாள் ஓடின. அந்த வசதி இல்லாத மாடலை வாங்கும்போது அதற்கான விலையை முதல் நாளே ரேமாகக் கொடுத்துவிட வேண்டும்.

அப்போ எத்தனை ஜிபி? 8 போதுமா?

ஆன்போர்டு என்றால் 16. இதில் நான் பேரம் பேசுவதில்லை. 8 ஜிபி ஆன்போர்டு, ஸ்லாட்டும் இல்லை என்றால் அது வீட்டில் இருக்கிற பெரியவர் யூட்யூப் பார்க்க, கரண்ட் பில் கட்ட, ரயில் டிக்கெட் போட வாங்குகிற லேப்டாப். மாணவனுக்கு வேண்டாம்.

8 ஜிபியில் 8-ம் உங்களுக்குக் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்கு ஒரு பங்கு போய்விடும், விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், அப்புறம் பிரவுசரில் பத்து டேப். ரேம் போதாதபோது எஸ்எஸ்டியில் எழுதி எழுதிச் சமாளிக்கும், வேகம் குறையும், எஸ்எஸ்டியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மைக்ரோசாஃப்ட்காரர்களே 2024-ல் கோபைலட் பிளஸ் பிசி என்று ஏஐ வசதியுள்ள ஒரு வகையை ஆரம்பித்தபோது குறைந்தது 16 ஜிபி வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். ஆப்பிளும் அதே வருஷம் அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப ரேமை 8-லிருந்து 16 ஆக்கியது.

பையன் இன்ஜினீயரிங் சேர்கிறான், பெண் பிகாம். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாங்கலாமா?

வேண்டியதில்லை. பிகாமுக்கு டேலி, எக்செல், பிரசன்டேஷன் என்றால் 8 ஜிபி ஓடும், ஆனால் ஸ்லாட் இருக்கிறதாகப் பாருங்கள். பையன் எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்தது. முதல் வருஷம் சி, பைத்தான் எழுத எதுவும் போதும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்றாவது வருஷம் மொபைல் ஆப் எழுதுகிற ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவைத் திறந்து எமுலேட்டரையும் (திரைக்குள்ளேயே ஓடும் போலி போன்) ஓட விடும்போதுதான் தெரியும், அதற்கு 16 கட்டாயம். சிவில் என்றால் ரெவிட் என்கிற கட்டட வடிவமைப்பு சாஃப்ட்வேர் வரும், அதற்குக் குறைந்தபட்சமே 16-தான் போட்டிருக்கிறார்கள். மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு 16 ஆன்போர்டையும் நான் தயங்கித்தான் சொல்வேன். அவர்களுக்கு இரண்டு ஸ்லாட் உள்ள, கொஞ்சம் கனமான லேப்டாப்தான் சரி. தோளில் பை கனத்தால் கனக்கட்டும்.

சீனியர் அக்காமாரிடம், அண்ணன்மாரிடம் எந்த சாஃப்ட்வேர் ஓட்டுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு கடைக்குப் போவது நல்லது. காலேஜ் கொடுக்கிற பட்டியலைவிட அதுதான் உண்மை.

பாதி ஆன்போர்டு, பாதி ஸ்லாட் என்று சிலதில் போட்டிருக்கிறதே?

நடுத்தர பட்ஜெட்டுக்கு எனக்குப் பிடித்த வகை இதுதான். 8 ஜிபி போர்டில் இருக்கும், பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலியாகவோ இன்னொரு 8 போட்டோ வரும். காலியாக வந்தால் வாங்குகிறபோதே ஒரு 8 போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் டூயல் சேனலில் (இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில்) ஓடி கிராபிக்ஸ் வேகமும் கூடும். பிறகு தேவைப்பட்டால் ஸ்லாட்டில் உள்ளதை எடுத்துவிட்டு 16 போட்டு மொத்தம் 24 ஆக்கலாம். 8-ம் 16-ம் ஜோடி சேராதே என்பார்கள். சேரும், 16 ஜிபிவரை இரட்டைச் சேனலிலும் மிச்சம் 8 ஒற்றைச் சேனலிலும் ஓடும், உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

ஒன்றே ஒன்று, டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ஏறாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அண்ணனின் பழைய லேப்டாப்பில் கிடக்கிற ரேமைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்போது 8 வாங்கிவிட்டு, ரேம் விலை குறையும்போது போட்டுக்கொண்டால் என்ன?

பத்து வருஷமாக எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், நல்ல யோசனையாகவும் இருந்தது. 2025 கடைசியில் அது தலைகீழானது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் மொத்தமாகப் போக ஆரம்பித்து, ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் என்கிற பெயரில் நாம் கடையில் வாங்கிக்கொண்டிருந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆக "பின்னாடி சீப்பாகக் கிடைக்கும்" என்பதை நம்பி இன்றைக்குக் குறைவாக வாங்காதீர்கள். ஸ்லாட் இருப்பது நல்லது, அதற்காக ஸ்லாட்டைக் காலியாக விட்டுவிட்டு ஜோசியம் பார்க்க வேண்டாம். வாங்குகிற அன்று ரேமின் தனி விலையையும், கூடுதல் ரேம் உள்ள மாடலின் விலை வித்தியாசத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில சமயம் கம்பெனியே போட்டுத் தருவது மலிவாக இருக்கும்.

எஸ்எஸ்டி 256 ஜிபிதான் இருக்கிறது, அதைப் பற்றி கவலைப்படணுமா?

கழற்றலாம் என்றால் கவலையே வேண்டாம். இடம் இல்லாமல் போனால் யுஎஸ்பியில் ஒரு வெளி எஸ்எஸ்டி, அதுவும் இல்லையென்றால் மாற்றிவிடலாம். ரேமுக்கு இப்படி வெளியிலிருந்து ஒன்று செருக வழியில்லை, அதனால்தான் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ரேமில் போடுங்கள் என்கிறேன்.

மாற்றும்போது நீளத்தைப் பாருங்கள். சாதாரணமாகக் கிடைப்பது 2280, அதாவது 80 மில்லிமீட்டர். மெல்லிய லேப்டாப் சிலதில் 2242-தான் ஏறும், சிலதில் 2230. அந்தச் சின்ன அளவுகள் உள்ளூர்க் கடையில் கேட்டவுடன் கிடைக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும். அப்புறம், புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்ததுமே எஸ்எஸ்டியைப் பூட்டுப் போட்டுவிடுகிறது, நம்மிடம் கேட்பதுகூட இல்லை. அந்தப் பூட்டின் ரெகவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடையில் எஸ்எஸ்டியைக் கழற்றிய பிறகு "கீ கேக்குதே" என்று போன் பண்ணினால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மேக்புக் ஏர்? எல்லாமே ஒட்டிக்கிடக்கிறதே.

ஆமாம், ரேமும் எஸ்எஸ்டியும் இரண்டுமே. அதை முழுதாகத் தெரிந்துகொண்டு வாங்கினால் நல்ல லேப்டாப்தான். ஃபேன் இல்லை, பேட்டரி நீண்ட நேரம் நிற்கும், 2020 நவம்பரில் வந்த எம்1 ஏர் இன்றைக்கும் பலர் கையில் ஜம்மென்று ஓடுகிறது. ஆனால் அதில் 8 ஜிபி வாங்கியவர்கள்தான் இப்போது முனகுகிறார்கள், 16 வாங்கியவர்கள் சத்தமே இல்லாமல் இருக்கிறார்கள். ஏரில் ரேமுக்கோ எஸ்எஸ்டிக்கோ ஒரு படி ஏறினால் நம் நாட்டில் சில வருஷங்களாக 20,000 ரூபாய் வாங்கிவந்தார்கள், வெளியில் இருக்கிற விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 16-க்கு மேல் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று யோசித்து ரேமுக்கு மட்டும் கொடுங்கள், எஸ்எஸ்டிக்கு வெளி டிரைவ் வைத்துக்கொள்ளலாம்.

பயப்பட வேண்டியது வேகத்துக்கு இல்லை, டேட்டாவுக்கு. மதர்போர்டு போனால் எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி போட்டோக்களை எடுக்கிற வித்தை இதில் நடக்காது, உள்ளே இருப்பதெல்லாம் அந்தச் சிப்போடு சேர்த்துப் பூட்டியிருக்கும். டைம் மெஷினுக்கு (மேக்கின் பேக்கப் வசதி) ஒரு டிரைவ் வாங்காமல் மேக்புக் வாங்காதீர்கள்.

மாமா துபாயிலிருந்து வரும்போது ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார்.

நம் மாவட்டத்தில் பாதி லேப்டாப் அப்படித்தான் வருகிறது, வரட்டும். 18 வயது முடிந்த பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம், திருவனந்தபுரத்தில் இறங்கும்போது அதைப் பற்றி பதற வேண்டாம். ஆனால் அங்கேயுள்ள ஆஃபர் பேப்பரைப் பார்த்து மாமாவே முடிவெடுத்து வாங்கிவிடாமல், மாடல் நம்பரை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். மெல்லிசாக, பளபளப்பாக, 8 ஜிபி ஆன்போர்டு உள்ளதுதான் அந்த ஆஃபரில் அதிகம் இருக்கும். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும், அங்கேயே கேட்டு பில்லோடு வாங்கச் சொல்லணும். ஆன்போர்டு லேப்டாப்பில் ஒரு சின்ன ரேம் கோளாறுக்கே முழு மதர்போர்டையும் மாற்ற வேண்டி வரும் என்பதால், வாரண்டி செல்லாத ஆன்போர்டு லேப்டாப்பை மாமா பாசத்தோடு கொடுத்தாலும் நான் கொஞ்சம் யோசிப்பேன். கீபோர்டில் அரபி எழுத்து இருக்கும், சார்ஜர் மூன்று சதுரக் காலோடு இருக்கும், அதெல்லாம் பிரச்சினை இல்லை, கேபிளை மாற்றினால் போச்சு. மாமாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கடற்கரைப் பக்கம் வீடு. உப்புக்காற்றுக்கு எது தாங்கும்?

குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஸ்லாட் உள்ள லேப்டாப்பில் உப்பு ஈரம் ரேமின் தங்கப் பல்லில் படிந்து, ஒரு நாள் திரை வராமல் போகும். மெக்கானிக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினால் உயிர் வந்துவிடும். ஆன்போர்டில் அந்தத் தொந்தரவு வராது, தேய்க்க பல்லே இல்லை. ஆனால் அரிப்பு போர்டிலேயே ஏறிவிட்டால் ஆன்போர்டில் மொத்தமும் போச்சு, ஸ்லாட் உள்ளதில் ரேமும் எஸ்எஸ்டியுமாவது மிஞ்சும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இதை வைத்து மட்டும் முடிவெடுக்க மாட்டேன்.

எடுக்க வேண்டிய முடிவு வேறு. கடல் பார்த்த ஜன்னலோரம் மேஜையைப் போடாதீர்கள். ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மாதக்கணக்கில் பையில் மூடி வைக்காமல் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஓட விடுங்கள், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். இடி நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். எல்லாம் ஒரே போர்டில் இருக்கிற லேப்டாப்புக்கு ஒரு மின்னல் போதும்.

கரண்ட் கட்டுக்கு எது நல்லது?

இதில் மெல்லிய ஆன்போர்டு லேப்டாப்தான் ஜெயிக்கும். ரேம் கரண்ட் குறைவாக எடுப்பதும், அதோடு வருகிற ப்ராசஸர்கள் சிக்கனமாக இருப்பதும் சேர்ந்து வேலை நாள் முழுக்க ஓடும் மாடல்கள் வந்துவிட்டன. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டைப்-சி சார்ஜிங் இருந்தால் பெரிய பவர் பேங்கிலும் ஏற்றலாம், அதையும் பாருங்கள்.

பேட்டரியும் மாற்ற முடியாதா?

முடியும். பழைய மாதிரி பின்பக்கம் ஒரு கொக்கியைத் தள்ளி எடுக்க முடியாது, அவ்வளவுதான். விண்டோஸ் லேப்டாப்களில் பெரும்பாலும் ஸ்குரூ போட்டிருக்கும், சிலதில் பசை. மூன்று நான்கு வருஷத்தில் மாற்ற வேண்டி வரும் ஒரே சாமான் இதுதான், அதனால் வாங்கும்போதே அந்த மாடலின் பேட்டரி கம்பெனியிலேயே கிடைக்கிறதா என்று பாருங்கள். யாருக்கும் தெரியாத பிராண்டில் 16 ஜிபி, 512 ஜிபி என்று ஆசை காட்டுவார்கள், மூன்று வருஷம் கழித்து பேட்டரி தேடி அலைவீர்கள்.

நானே திறந்து ரேம் போட்டால் வாரண்டி போய்விடுமா?

கம்பெனியைப் பொறுத்தது. ரேமும் எஸ்எஸ்டியும் வாடிக்கையாளரே மாற்றலாம் என்று மேனுவலில் எழுதியிருக்கிறவர்கள் உண்டு, ஸ்குரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறவர்களும் உண்டு. நீங்கள் திறக்கும்போது உடைத்ததற்கு யாரும் வாரண்டி தர மாட்டார்கள், அது மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டு பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போனில் சொன்னது காற்றோடு போய்விடும். சர்வீஸ் விவரங்களை ஒரே இடத்தில் பார்க்க, மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ரைட் டு ரிப்பேர் என்று ஒரு தளம் ஆரம்பித்திருக்கிறது. நீங்கள் வாங்கப்போகிற கம்பெனி அதில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு எட்டு பார்க்கலாம்.

சர்வீஸ் சென்டர் தூரத்தில் இருந்தால்?

ஆன்போர்டு லேப்டாப்புக்கு இது ரேமைவிடப் பெரிய விஷயம். ஸ்லாட் லேப்டாப்பில் ரேம் போனால் வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கடையில் அரை மணி நேர வேலை. ஆன்போர்டில் சிப் போனால் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான், அங்கேயும் போர்டையே மாற்றுவார்கள், வாரண்டி முடிந்திருந்தால் அந்த விலைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கலாம். அதனால் ஆன்போர்டு வாங்குகிறவர்கள் மூன்று வருஷ வாரண்டிக்குப் பணம் கட்டுங்கள், அதுவும் வீட்டுக்கே வந்து பார்க்கிற வகை. உங்கள் பின்கோடுக்கு வீட்டு சர்வீஸ் உண்டா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். நாகர்கோவிலுக்கு உண்டு என்பார்கள், அருமனைக்கும் குலசேகரத்துக்கும் உண்டா என்பதுதான் கேள்வி. களியக்காவிளை பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் சர்வீஸ் சென்டரே கிட்டே. ஆரல்வாய்மொழிக்காரர் திருநெல்வேலி பஸ் ஏறிவிடலாம்.

ஆன்போர்டு ரேமை ஒருத்தர் கூட்டித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

சிப்பைச் சூடாக்கி எடுத்துவிட்டு பெரிய சிப்பை வைக்கிற கைவினைக்காரர்கள் இருக்கிறார்கள், செய்து காட்டியும் இருக்கிறார்கள். போர்டு, பயாஸ் (லேப்டாப்பை முதலில் எழுப்புகிற உள் சாஃப்ட்வேர்) இரண்டும் ஒத்துழைத்தால்தான் நடக்கும். உங்களிடம் இருக்கிற ஒரே லேப்டாப்பை அதற்குக் கொடுக்காதீர்கள்.

கேமிங் லேப்டாப் வாங்கிவிட்டால் பிரச்சினையே இல்லைதானே?

பெரும்பாலானதில் இரண்டு ரேம் ஸ்லாட், இரண்டு எஸ்எஸ்டி ஸ்லாட் இருக்கும், அது உண்மை. ஆனால் கிராபிக்ஸ் கார்டு அதிலும் ஒட்டியதுதான். பேட்டரி சீக்கிரம் இறங்கும், சார்ஜரே ஒரு செங்கல் கனம். பஸ்ஸில் நின்றுகொண்டு காலேஜ் போகிற பிள்ளைக்கு நன்றாக யோசித்து வாங்கிக் கொடுங்கள்.

பழைய திங்க்பேட், லேட்டிட்யூட் மாதிரி ரீஃபர்பிஷ்டு வாங்குவது?

பட்ஜெட் இல்லாதவர்களுக்கு இதுதான் நல்ல வழி. கம்பெனிகள் கழித்துப்போட்ட அந்த லேப்டாப்களில் பலதிலும் ஸ்லாட் உண்டு, அடிமூடி சுலபமாகத் திறக்கும், பாகமும் கிடைக்கும். ஆனால் எக்ஸ்1 கார்பன் மாதிரி மெல்லிய திங்க்பேடுகளில் ரேம் பல வருஷமாகவே ஆன்போர்டுதான், திங்க்பேட் என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்து வாங்காதீர்கள், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பயாஸ் பாஸ்வேர்டு இல்லையே என்று ஆன் பண்ணி உள்ளே போய்ப் பாருங்கள். பழைய மேக்புக் என்றால் முந்தைய ஆள் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து அதை நீக்கியிருக்கிறாரா என்று கண்ணால் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

வீட்டில் விண்டோஸ் 10 போட்ட பழைய லேப்டாப் கிடக்கிறது. புதுசுதான் வாங்கணுமா?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சாதாரண ஆதரவு முடிந்தது, கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் வரை. முதலில் அடிமூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறது என்றால் அதே இடத்தில் மாட்டுகிற சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்று போட்டாலே வேறு லேப்டாப் மாதிரி ஆகிவிடும், ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னும் நல்லது. ப்ராசஸர் விண்டோஸ் 11-க்கு ஒத்துவரவில்லை என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டு பிரவுசருக்கும் பாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம், தமிழில் தட்டவும் வசதி உண்டு. பேங்க் வேலையை மட்டும் அப்டேட் வராத விண்டோஸில் செய்யாதீர்கள். பேட்டரி உப்பி டச்பேட் மேலே எழும்பியிருந்தால் சார்ஜ் போடாமல் முதலில் அதைக் கழற்றக் கொடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.